சப்ளையருக்குக் கட்டுவதும் பார்ட்டியிடம் வசூலிப்பதும்: சிறு தொழில்களுக்கான கேள்வி பதில்

கடை கவுன்டரில் வாடிக்கையாளர் ஸ்கேன் செய்து கட்டும் பணம் வேறு. ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குச் சரக்கு கொடுத்து, பில் போட்டு, பிறகு அந்தப் பணத்துக்காகக் காத்திருக்கும் வியாபாரம் வேறு. இந்தப் பக்கம் இரண்டாவதைப் பற்றியது. திருப்பூர், கோவை, கரூர் பகுதிகளில் சிறு ஆலைகளுக்குக் கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில், முதலாளிகளும் அக்கவுண்டன்ட்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சொல்லப்படும் சட்டமும் கட்டணமும் இந்தியாவுக்கு உரியவை.

பணம் அனுப்புவது இவ்வளவு வேகமாகிவிட்டது. பிறகு ஏன் நமக்கு மட்டும் வர 90 நாள் ஆகிறது?

வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் வழியான நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும், பெருந்தொகைக்கான ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதலும் இரவு பகல், ஞாயிறு, பண்டிகை பார்க்காமல் ஓடுகின்றன. ஆர்டிஜிஎஸ் பணம் அரை மணிக்குள் கணக்கில் ஏறிவிட வேண்டும். ஆக, தாமதம் வங்கியில் இல்லை. பார்ட்டி, அதாவது நம்மிடம் சரக்கு வாங்கியவர், "அனுப்பு" என்ற பட்டனை அழுத்துவதற்கு முன்னால் கழியும் நாள்கள்தான் அந்த 90.

திருப்பூரில் ஒரு டி-சர்ட் உருவாகும் வழியைப் பாருங்கள். நூல் வாங்கி நிட்டிங்குக்குப் போகிறது, அங்கிருந்து டையிங், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், பேக்கிங். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தனி யூனிட், ஒரு தனி பில், ஒரு தனிப் பாக்கி. வெளிநாட்டு பையர் ஏற்றுமதியாளருக்கு 60 அல்லது 90 நாளில் கட்டுவார். அந்த நாள்களைச் சங்கிலியில் கீழே உள்ளவர்கள் சுமக்கிறார்கள். நூலுக்கு மட்டும் பெரும்பாலும் சீக்கிரம் கட்ட வேண்டியிருக்கும், ஏனென்றால் மில்காரர் பேரம் பேசும் நிலையில் இருக்கிறார். பிரிண்டிங் யூனிட்காரர் அந்த நிலையில் இல்லை. "அண்ணா, நம்ம பில் ஆச்சுங்களா?" என்று அவர் போன் செய்தால், "வர்ற சனிக்கிழமை போட்டுர்றோம்ங்க" என்ற பதில் கிடைக்கும். எந்தச் சனிக்கிழமை என்பது சொல்லப்படாது.

எனவே யூபிஐயா, கார்டா, பில்லை வைத்து முன்கூட்டியே பணம் பெறும் டிரெட்ஸா என்று எதைப் பற்றிப் பேசினாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நடுவில் இருக்கும் நாள்களின் வட்டியை யார் கட்டுகிறார்கள்? கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன.

எந்தத் தொகைக்கு எந்த வழி?

இரண்டு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஆர்டிஜிஎஸ். மேல் வரம்பு கிடையாது (உங்கள் நெட் பேங்கிங்கில் வங்கி வைத்திருக்கும் தினசரி வரம்பு வேறு விஷயம்). இரண்டு லட்சத்துக்குக் கீழ், அவசரமில்லை என்றால் நெஃப்ட். அது அரை மணிக்கு ஒரு தொகுதியாகத் தீர்க்கப்படுகிறது. உடனே போக வேண்டுமென்றால் ஐஎம்பிஎஸ், 5 லட்சம் வரை. வேன் வாடகை, உதிரிப் பொருள், கூரியர் போன்ற சில்லறைச் செலவுகளுக்கு யூபிஐ. பொதுவாக ஒரு பரிவர்த்தனைக்கு 1 லட்சம் வரை, சில வகைகளுக்கு மட்டும் கூடுதல் வரம்பு உண்டு.

கட்டணத்தைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். வங்கிக் கிளைக்கே போய் அனுப்பினாலும், நெஃப்டில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு அதிகபட்சம் 25 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஆர்டிஜிஎஸ்ஸில் 5 லட்சத்துக்கு மேல் போனால் 49 ரூபாய் 50 காசும் ஜிஎஸ்டியும். உள்ளே வரும் பணத்துக்குக் கட்டணமே கிடையாது. உலகில் பல நாடுகளின் தொழில்களுக்கு இப்படி மலிவாக, இரவிலும் ஓடும் பெருந்தொகை வழி இல்லை.

பின்தேதியிட்ட செக் வாங்கும் பழக்கத்தை விடலாமா?

செக்கின் பலம் அதன் பின்னால் இருக்கும் சட்டம். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவுதான் பார்ட்டியைக் கொஞ்சம் பயப்பட வைக்கிறது. ரிட்டர்ன் ஆன தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அதன்பின் 15 நாள் அவகாசம், அப்போதும் கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார். கிளியரிங்கும் முன்பு போல இழுப்பதில்லை. 2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் தொகுதியாகக் காத்திருக்காமல் நாள் முழுக்கத் தொடர்ச்சியாகத் தீர்க்கப்படுகின்றன, காலையில் போட்டால் அன்றே முடிவு தெரிந்துவிடுகிறது.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள பார்ட்டி கொடுக்கும் நாச் மேண்டேட், பணம் இல்லாமல் திரும்பினால் அதுவும் தண்டனைக்குரியதே. 2007-ஆம் ஆண்டு பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது தொகையின் இரு மடங்கு வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. செக்குக்கு இருக்கும் அதே பல் இதற்கும் இருக்கிறது. மாதாமாதம் ஒரே பார்ட்டியிடம் வசூலிப்பவர்கள், உதாரணமாக மெஷின் வாடகை, பராமரிப்பு ஒப்பந்தம், தவணையில் கொடுத்த சரக்கு போன்றவற்றுக்கு, பத்து செக்கை பீரோவில் பூட்டி வைப்பதைவிட ஒரு மேண்டேட் வாங்குவது நல்லது. தேதியை மறந்து போவதும் இல்லை, "கையெழுத்து பொருந்தவில்லை" என்ற ரிட்டர்னும் இல்லை.

பார்ட்டி கிரெடிட் கார்டில் கட்டுகிறேன் என்கிறார். 2 சதவீதம் போய்விடுமே, வாங்கலாமா?

"கார்டு வேண்டாம், இரண்டு பர்சென்ட் யார் கொடுப்பது" என்று உடனே மறுத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்ட பிறகு மறுங்கள்.

பில் தொகை 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கார்டு கட்டணமான எம்டிஆர் 2% என்றால் 2,000 ரூபாய். அதன்மேல் 18% ஜிஎஸ்டி 360 ரூபாய். நீங்கள் வழக்கமான ஜிஎஸ்டி பதிவில் இருந்தால் அந்த 360-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிவாக, எடுத்துக்கொள்ளலாம், எனவே உண்மைச் செலவு 2,000. உள்ளீட்டு வரி கிடைக்காத எளிய ஜிஎஸ்டி திட்டமான காம்போசிஷனில் இருந்தால் 2,360 முழுவதும் செலவு.

இப்போது மறுபக்கம். உங்கள் ஓடி (ஓவர்டிராஃப்ட் என்ற வங்கிக் கடன்) கணக்குக்கு வட்டி 11% என்று கொள்வோம். அதே ஒரு லட்சம் 30 நாள் கழித்து வந்தால் உங்களுக்கு ஆகும் வட்டி சுமார் 904 ரூபாய். 60 நாள் என்றால் 1,808. 90 நாள் என்றால் 2,712. ஆக, முப்பது நாளில் ஒழுங்காகக் கட்டும் பார்ட்டியிடம் கார்டு வாங்குவது நஷ்டம். அறுபது நாள் பார்ட்டியிடம் கொஞ்சம் கூடுதல் செலவு. தொண்ணூறு நாள் இழுக்கும் பார்ட்டி கார்டு தேய்க்கத் தயார் என்றால், சந்தோஷமாக வாங்குங்கள். அதிலும் பணம் வராமலே போகும் அபாயம் உங்கள் தலையிலிருந்து பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்விடுகிறது. இந்த லாபத்தை யாரும் எண்ணிக்கையில் போடுவதில்லை, ஆனால் ஒரே ஒரு பெரிய பில் முங்கிப்போன யூனிட்டுக்கு அதன் அருமை தெரியும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. நிறுவனங்களுக்கான கமர்ஷியல் கார்டுகளுக்கு எம்டிஆர் சாதாரணக் கார்டைவிடக் கூடுதலாக இருக்கலாம். கிரெடிட் கார்டு எம்டிஆருக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை, எனவே ஒப்பந்தத்தில் கார்டு வகைவாரியாக விகிதத்தை எழுதி வாங்குங்கள். டெபிட் கார்டுக்கு வரம்பு உண்டு: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டிய வியாபாரிகளுக்கு 0.90%, ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய். ரூபே டெபிட்டுக்கும் யூபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் கிடையாது. இரண்டாவது, சார்ஜ்பேக். சரக்கு சரியில்லை என்று பார்ட்டி தகராறு எழுப்பினால் பணம் திரும்பப் பிடிக்கப்படலாம். கையெழுத்திட்ட டெலிவரி சலானும் இ-வே பில்லும் கைவசம் இருக்கட்டும்.

நாமே கார்டில் சப்ளையருக்குக் கட்டினால் 45 நாள் கிடைக்குமல்லவா?

கிடைக்கும், பில்லிங் தேதி முடிந்த உடனே வாங்கினால். ஸ்டேட்மென்ட் தொகையை முழுவதுமாகக் கடைசித் தேதிக்குள் கட்டினால் மட்டும். ஒரு மாதம் "மினிமம் டியூ" மட்டும் கட்டினால் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓட ஆரம்பிக்கும், ஆண்டுக்கு அது 40 சதவீதத்தைத் தொடும். எந்த ஓடி வட்டியும் அவ்வளவு இல்லை. நடைமுறை மூலதனத்துக்குக் கார்டை நிரந்தர வழியாக வைத்துக்கொள்ளும் யூனிட்டைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சப்ளையர் கார்டு வாங்குவதில்லை என்றால் இன்னொரு சிக்கல். இடையில் ஒரு கம்பெனி உங்கள் கார்டில் பணம் பிடித்து, சப்ளையருக்கு நெஃப்டிலோ ஐஎம்பிஎஸ்ஸிலோ ஆர்டிஜிஎஸ்ஸிலோ அனுப்பும் ஏற்பாடு சில காலம் ஜோராக நடந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று ரிசர்வ் வங்கி, பெயர் சொல்லாமல், ஒரு கார்டு நெட்வொர்க் நடத்திய இத்தகைய ஏற்பாட்டை நிறுத்தி வைக்கச் சொன்னதாக அறிவித்தது. அனுமதி பெறாத பணப் பரிமாற்ற அமைப்பாக அது இயங்கியதும், பெருந்தொகைகள் சட்டப்படி குறிக்கப்படாத கணக்கில் சேர்ந்ததும், அனுப்புபவர் பெறுபவர் விவரங்கள் விதிப்படி இல்லாததும் காரணங்கள். அதன்பின் 2025 செப்டம்பரில் வந்த பேமெண்ட் அக்ரிகேட்டர் (வியாபாரிகளுக்காகப் பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனம்) விதிகள், ஒப்பந்தம் செய்துகொண்ட வியாபாரிக்கு மட்டுமே பணம் சேர்க்கலாம் என்று இறுக்கின. கார்டில் வாடகை கட்டும் வசதியைப் பல ஆப்கள் நிறுத்தியது அதனால்தான். எனவே கார்டில் கட்ட வேண்டுமென்றால், சப்ளையர் தாமே கார்டு வாங்குபவராக இருக்க வேண்டும்.

தன் கார்டைத் தன் சொந்த ஸ்வைப்பிங் மெஷினிலோ நண்பர் கடையிலோ தேய்த்துப் பணமாக்குவதைப் பற்றியும் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். விற்பனையே நடக்காத பில் அது. கார்டும் மெஷினும் முடக்கப்படும், ஜிஎஸ்டி கணக்கும் இடிக்கும்.

அமெரிக்காவில் விர்ச்சுவல் கார்டுதான் வளர்கிறது என்கிறார்களே, இங்கேயும் வருமா?

ஒரு பில்லுக்கு ஒரு கார்டு எண், அந்தத் தொகைக்கு மட்டும், ஒரு முறை மட்டும் செல்லும். அதுதான் விர்ச்சுவல் கார்டு. அங்கே தொழில்களிடையே செக் இன்னும் நிறையப் புழங்குகிறது. செக்கை அச்சடித்து, உறையிலிட்டு, தபாலில் அனுப்பும் செலவுக்கு மாற்றாகக் கார்டு நுழைந்தது. வாங்கும் கம்பெனிக்குக் கட்டணத்திலிருந்து ஒரு பங்கு ரிபேட்டாகத் திரும்பி வருகிறது, அதனால் அவர்களுக்கு உற்சாகம். அந்த ரிபேட் சப்ளையரின் பையிலிருந்து போவது. இங்கே அறுபது ரூபாய்க்குள் ஆர்டிஜிஎஸ் இருக்கும்போது, பணம் அனுப்பும் கருவியாகக் கார்டுக்கு வேலை குறைவு. விமான டிக்கெட், மென்பொருள் சந்தா, விளம்பரச் செலவு, ஊழியரின் பயணச் செலவு ஆகியவற்றுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. சரக்குக் கொள்முதலுக்கு இங்கே கார்டு என்பது கடன்தான்.

ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் இணைத்துக் கட்டினால் நமக்குக் கட்டணம் உண்டா?

2022 முதல் இந்த வசதி இருக்கிறது. சிறு வியாபாரிகளுக்கு 2,000 ரூபாய் வரை எம்டிஆர் இல்லை. அதற்கு மேல் சாதாரணக் கார்டு போலவே பிடிப்பார்கள். க்யூஆர் ஒன்றுதானே என்று நினைத்து வாங்கிவிட்டு மாதக் கடைசியில் கழிவைப் பார்த்து அதிர்ச்சியடைபவர்கள் உண்டு. செட்டில்மென்ட் ரிப்போர்ட்டைப் பிரித்துப் பாருங்கள்.

டிரெட்ஸ் என்றால் என்ன? அதில் சேர்ந்தால் பணம் சீக்கிரம் வந்துவிடுமா?

ரிசர்வ் வங்கி 2014-இல் வழிகாட்டுதல் வெளியிட்டு, 2017 முதல் இயங்கும் பில் டிஸ்கவுன்டிங் தளங்கள் இவை, அதாவது வர வேண்டிய பில்லை வைத்து, வட்டி கழித்து, முன்கூட்டியே பணம் பெறும் இடங்கள். ஆர்எக்ஸ்ஐஎல், எம்ஒன்எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் ஆகிய மூன்றும் ஆரம்பத்திலிருந்தே இருப்பவை. நீங்கள் பில்லை ஏற்றுகிறீர்கள், அல்லது வாங்கும் கம்பெனியே ஏற்றுகிறது. கம்பெனி அதை ஏற்றுக்கொண்டதும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அந்தப் பில்லுக்கு வட்டி ஏலம் கேட்கின்றன. உங்களுக்குப் பிடித்த விகிதத்தை எடுத்தால் ஓரிரு வேலை நாளில் பணம் வந்துவிடும். தவணைத் தேதியன்று கம்பெனியின் கணக்கிலிருந்து வங்கி பிடித்துக்கொள்ளும்.

இதில் இரண்டு பெரிய நன்மைகள். ஒன்று, வட்டி உங்கள் யூனிட்டின் நிலையைப் பார்த்து முடிவாவதில்லை, வாங்கும் கம்பெனியின் தரத்தைப் பார்த்து முடிவாகிறது. பெரிய கம்பெனிக்குச் சப்ளை செய்யும் சிறிய லேத் பட்டறைக்கு அவருடைய சொந்த ஓடியைவிடக் குறைந்த வட்டி கிடைக்கலாம். இன்னொன்று, கம்பெனி கட்டாமல் போனாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது. சாதாரண பில் டிஸ்கவுன்டிங்கில் வரும். சொத்து அடமானமும் கேட்கப்படுவதில்லை.

இடைஞ்சலையும் சொல்ல வேண்டும். விற்றுமுதல் 250 கோடிக்கு மேற்பட்ட கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இதில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 நவம்பரில் அரசு அறிவித்தது. அதற்கு முன் வரம்பு 500 கோடியாக இருந்தது. ஆனால் கட்டாயம் பதிவுக்குத்தான், உங்கள் பில்லை ஏற்றுக்கொள்வதற்கு அல்ல. பதிவு செய்துவிட்டு ஒரு பில்லையும் தொடாமல் உட்கார்ந்திருக்கும் கம்பெனியை இந்த விதி ஒன்றும் செய்யாது. இந்த ஓட்டையை அடைத்தால் வேறு எந்தப் புதிய ஆப்பும் தராத நன்மை சிறு சப்ளையர்களுக்குக் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது, புதிய ஆர்டர் பேசும்போதே "பில்லை டிரெட்ஸில் பதினைந்து நாளுக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதி வாங்குவது. விலை பேசும்போது அரை சதவீதம் விட்டுக்கொடுத்தாவது இந்த வரியை வாங்கிவிடுங்கள்.

45 நாள் விதி எல்லோருக்கும் பொருந்துமா?

2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளில், எப்படியும் 45 நாளுக்குள் கட்ட வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். இந்தப் பதினைந்து நாள் பலருக்குத் தெரியாது. வாய்வார்த்தையில் ஓடும் வியாபாரம் முழுவதும் அதற்குள்தான் வரும்.

சட்டம் 2006-இலிருந்து இருந்தும் அதை மதித்தவர்கள் குறைவு. நிலைமை மாறியது 2024 ஏப்ரலில், வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 43பி(எச்) அமலுக்கு வந்தபோது. கெடுவுக்குள் கட்டாத பில்லை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது, கட்டிய ஆண்டில்தான் காட்டலாம். உதாரணமாக, பிப்ரவரி 1 அன்று 10 லட்சத்துக்குத் துணி வாங்கி, 45 நாள் ஒப்பந்தம் போட்ட ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனம் மார்ச் 18-க்குள் கட்ட வேண்டும். மார்ச் 31 வரை கட்டவில்லை என்றால் அந்த 10 லட்சம் லாபத்தோடு கூடிவிடும். 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 3 லட்சத்து 12 ஆயிரம் அந்த ஆண்டு கையிலிருந்து போகும். மார்ச் முதல் தேதி வாங்கி ஏப்ரல் 10-இல் கட்டினால் பிரச்சினை இல்லை, கெடுவுக்குள்தானே. ஆடிட்டர் சொன்னால் கேட்காத முதலாளியும் இந்தக் கணக்குக்குக் கேட்கிறார்.

விலக்குகளைக் கவனியுங்கள். நடுத்தர நிறுவனத்துக்கு இது இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் இல்லை, அவர்களுடைய உத்யம் பதிவு (எம்எஸ்எம்இ நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். 2025 ஏப்ரல் முதல் சிறு நிறுவனம் என்பதற்கான வரம்பு, இயந்திர முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை உயர்ந்திருக்கிறது, எனவே நடுத்தரம் என்று நினைத்திருந்த சில யூனிட்டுகள் இப்போது இதற்குள் வந்திருக்கின்றன. உங்கள் பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சிடுங்கள். "தெரியாது" என்று பார்ட்டி சொல்ல இடம் வைக்காதீர்கள்.

தாமதத்துக்கு வட்டியும் உண்டு: ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 5.5% என்றால் அது 16.5%. கொடுத்தாலும் அந்த வட்டியைப் பார்ட்டி செலவாகக் காட்ட முடியாது. கட்டவே மறுத்தால், இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் மாநில ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் புகார் பதிவு செய்யலாம்.

இதையெல்லாம் கேட்டால் ஆர்டர் போய்விடாதா?

போகலாம். உத்யம் பதிவை விட்டுவிட்டு வா என்று கேட்கும் பார்ட்டிகளும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்பவரிடம் உங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் இருந்தால், அந்த நிலைதான் முதலில் சரிசெய்ய வேண்டியது.

சண்டையில்லாமல் பேச வழிகள் உண்டு. சீக்கிரம் கட்டினால் கழிவு தருகிறேன் என்று சொல்லுங்கள். 60 நாள் பில்லைப் பத்தாவது நாளில் கட்டினால் 1.5% கழிவு என்றால், 50 நாளுக்கு நீங்கள் கொடுக்கும் விலை ஆண்டுக்குச் சுமார் 11%, உங்கள் ஓடி வட்டி அளவுதான். வங்கியில் உபரிப் பணத்தை 6, 7 சதவீதத்துக்கு வைத்திருக்கும் பெரிய கம்பெனிக்கு அது நல்ல லாபம். இரண்டு பக்கமும் ஏற்கும் பேரம் இது. இன்னொன்று ஜிஎஸ்டி: 180 நாளுக்குள் சப்ளையருக்குக் கட்டாவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். ஐந்தாவது மாதம் முடியும்போது பார்ட்டியின் அக்கவுண்டன்டிடம் இதை மரியாதையாக நினைவூட்டினால் பல பழைய பாக்கிகள் நகர்கின்றன. முதலாளியைவிட அக்கவுண்டன்டிடம் பேசுவதுதான் பலன் தரும், ரிட்டர்ன் போடுவது அவர்தான்.

பணம் வந்துவிடுகிறது, ஆனால் எந்தப் பில்லுக்கு என்று தெரியவில்லை. என்ன செய்வது?

ஒரு பிரிண்டிங் யூனிட்டின் ஸ்டேட்மென்டில் ஒரு வரி: ஆர்டிஜிஎஸ் வரவு 3,73,320. அவர் போட்ட பில் எதுவும் அந்தத் தொகைக்கு இல்லை. தேடிப் பார்த்தால், கூலி பில் மூன்று: 1,20,000, 95,000, 1,48,000. கூட்டினால் 3,63,000. ஜாப் ஒர்க்குக்கு 5% ஜிஎஸ்டி 18,150 சேர்த்து 3,81,150. அதில் 1% டிடிஎஸ் (பணம் கொடுப்பவர் பிடித்துக் கட்டும் வருமான வரி), ஜிஎஸ்டி இல்லாத தொகைமேல், 3,630 கழிவு. பீஸ் ஷார்ட்டேஜுக்கு 4,200 ரூபாய் டெபிட் நோட் (கழிவுச் சீட்டு), அது இவருக்கு அனுப்பப்படவே இல்லை. மிச்சம் 3,73,320. இதைக் கண்டுபிடிக்க அக்கவுண்டன்டுக்கு அரை நாள் போகிறது. கண்டுபிடிக்காமல் "ஆன் அக்கவுண்ட்" என்று டேலி கணக்கு மென்பொருளில் வைத்துவிட்டால், ஆறு மாதம் கழித்து லெட்ஜர் ஒப்பிடும்போது பெரிய தகராறாக வரும்.

வாங்குபவர் பக்கம் இருந்தால், ஒவ்வொரு பேமெண்டுக்கும் பில் எண், டிடிஎஸ், கழிவு விவரத்தோடு ஒரு அட்வைஸ் மெயில் அனுப்புங்கள். உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. விற்பவர் பக்கம் இருந்தால் வங்கியில் விர்ச்சுவல் அக்கவுண்ட் எண் கேளுங்கள். ஒவ்வொரு பார்ட்டிக்கும் தனி எண், எல்லாப் பணமும் ஒரே உண்மைக் கணக்கில்தான் சேரும், ஆனால் யார் அனுப்பியது என்பது எண்ணிலேயே தெரியும். எந்தப் பில் என்பதை அது சொல்லாது, அதற்கு அட்வைஸ் வேண்டும். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். பில்லின் விவரம் ஏற்கெனவே எந்திரம் படிக்கும் வடிவில் இருப்பதால், பில்லையும் வரவையும் மென்பொருளே பொருத்தும் காலம் நெருங்குகிறது. இந்தத் துறையில் அடுத்த பெரிய முன்னேற்றம் இங்கேதான் நடக்கும் என்று நினைக்கிறேன். பணத்தை இன்னும் வேகமாக அனுப்புவதில் இனிச் சாதிக்க அதிகமில்லை.

சப்ளையரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்திருக்கிறது. நம்பலாமா?

நம்பாதீர்கள். பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே வரும், லோகோ, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கும், மெயில் முகவரியில் ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். பழைய விசிட்டிங் கார்டில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள், மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல. ஆர்டிஜிஎஸ், நெஃப்டில் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை வங்கிகள் 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, கட்டணமும் இல்லை. கணக்கு எண்ணைப் போட்டதும் வரும் பெயரைப் படியுங்கள். அதற்கு முன்பெல்லாம் எண் சரியாக இருந்தால் போதும், பெயர் யாராக இருந்தாலும் பணம் போய்விடும்.

நெட் பேங்கிங்கில் பதிவிடுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்று வையுங்கள். முதலாளியின் ஓடிபி போனை அக்கவுண்டன்டிடமே கொடுத்து வைத்திருக்கும் யூனிட்டுகள் எத்தனையோ. பணம் தவறிப் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், பிறகு வங்கிக்கு. முதல் சில மணி நேரத்தில்தான் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

ஏற்றுமதிப் பணத்துக்கு என்ன புதிது?

சரக்கு அனுப்பி ஒன்பது மாதத்துக்குள் பணம் வர வேண்டும் என்றிருந்த கெடு 2025 நவம்பரில் பதினைந்து மாதமாகியிருக்கிறது. அமெரிக்க வரி உயர்வால் திணறியவர்களுக்கு இது மூச்சு விட இடம் தந்தது, ஆனால் பையருக்கு இதை நீங்களாகச் சொல்ல வேண்டாம். சிறிய ஆர்டர்களுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற எல்லை கடந்த பேமெண்ட் அக்ரிகேட்டர்கள் உண்டு, அதற்கு 25 லட்சம் ரூபாய் உச்சவரம்பு இருக்கிறது. வங்கி வழி வரும்போது ஒவ்வொரு முறையும் சில டாலர் குறைகிறது என்றால், கட்டணம் முழுவதும் அனுப்புபவருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். டாலரை ரூபாயாக மாற்றும்போது வங்கி வைக்கும் வித்தியாசம் அந்தக் கட்டணத்தைவிடப் பெரியதாக இருக்கும். அதையும் பேரம் பேசலாம், பலர் பேசுவதில்லை.

ரொக்கமாகவே வாங்கிக்கொண்டால்?

ஒரே நபரிடம் ஒரே நாளில், அல்லது ஒரே பரிவர்த்தனைக்கு, 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கினால் அதே அளவு அபராதம். ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாகக் காட்ட முடியாது, லாரி வாடகைக்கு மட்டும் 35,000 வரை.

யூடிஆர் எண் அனுப்பிவிட்டார்கள், பணம் ஏறவில்லை. எவ்வளவு நேரம் பொறுப்பது?

யூடிஆர் என்பது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் அடையாள எண். முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி லோடு ஏற்றி அனுப்பாதீர்கள், உங்கள் ஸ்டேட்மென்டில் வரவு தெரிந்த பிறகு அனுப்புங்கள். நெஃப்டில், அந்தத் தொகுதி தீர்ந்த இரண்டு மணி நேரத்துக்குள் பணம் ஏற வேண்டும் அல்லது அனுப்பியவருக்குத் திரும்ப வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு 2% சேர்த்து வங்கி ஈடு தர வேண்டும், நீங்கள் கேட்காமலே. ஆர்டிஜிஎஸ்ஸில் அரை மணிக்குள் ஏறாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும். அதையும் தாண்டினால், யூடிஆர் எண்ணோடு உங்கள் வங்கிக்கு எழுத்தில் அனுப்புங்கள், பார்ட்டியையும் அவருடைய வங்கியில் கேட்கச் சொல்லுங்கள். நெட் பேங்கிங்கில் "ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது" என்ற நிலையில் இருப்பதையும் சிலர் அனுப்பிவிட்டதாகச் சொல்வார்கள். அந்த நிலையில் யூடிஆர் எண் உருவாகியிருக்காது, வெறும் ரெஃபரன்ஸ் எண்தான் இருக்கும். ஆர்டிஜிஎஸ் யூடிஆரில் எழுத்தும் எண்ணுமாக 22 இடங்கள், முதல் நான்கும் அனுப்பும் வங்கியின் குறியீடு. அதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.